காவும் காண்டாவும்

கலப்பை என்ற சொல்லைக் கண்ட மாணவன் உழவனையும் எருதையும் நினைப்பது இயல்பு. ஆயின் புறநானூற்றின் 206ஆம் பாட்டிலும் அவன் அவ்வாறே நினைப்பானாயின் பாட்டின் பொருள் கெட்டுவிடும். பரிசில் தரக் காலம் நீட்டித்த அதியமான் நெடுமான் அஞ்சியின்மீது சினம் கொண்ட ஔவையார், அவனுடைய வாயில் காப்போனை விளித்துப் பாடிய பாட்டு அது. கருவிகளைக் காவில் ஏற்றியாயிற்று, கலப்பையும் கட்டியாயிற்று, இனிப் புறப்படுவதில் தடையில்லை என்று புலவர் பேசுகிறார். ஈண்டுக் கலப்பை என்பது ஏர் அன்று. கலங்களை வைத்துக் கட்டும் பை. யாழும் முழவும் பிற இசைக்கருவிகளும் அதனுள் அடங்கின. பாணரும் பொருநரும் கூத்தரும் ஊர் ஊராகச் சுமந்து திரிந்த மூட்டை அதுவே. தமிழ் இலக்கியம் காட்டும் மிகப் பழைய பயணப் பைகளுள் ஒன்று என்று அதனைச் சொல்லலாம்.

கலப்பையைச் சுமந்த கழிக்குப் பெயர் கா. தோளின்மேல் ஒரு தண்டு. அதன் இரு முனைகளிலும் தொங்கும் பாரம். காவுதல் என்றால் அவ்வாறு தோளில் தாங்கிச் செல்லுதல். காவடி என்னும் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், கூத்தர் தம் கருவிகளை இரு புறமும் நிறை ஒக்கும்படி கட்டிக் காவிச் செல்வதைக் கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதற்கு ஒப்பிடுகிறார். உவமையின் அழகைப் பாராட்டிவிட்டு நிற்போர் பலர். ஆயின் இரு புறமும் நிறை ஒத்திருத்தல் என்ற குறிப்பே அங்குக் கருதத்தக்கது. காவின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கிவிடும். ஒரு பக்கம் கனத்தால் தோள் நோகும், நடை கோணும், குன்றத்து வழியில் கால் தவறும்.

இந்தக் கா பழம்பாட்டோடு மறைந்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், தமிழனின் தோளிலும் தமிழச்சியின் தோளிலும் அது மீண்டும் ஏறியது. அங்கு அதன் பெயர் காண்டா. கழியைக் காண்டாக் கம்பு என்றும், அதில் தொங்கிய வாளியைக் காண்டா வாளி என்றும் தோட்டத்தார் வழங்கினர்.

காண்டா என்பது தமிழ்ச் சொல்லா என்று கேட்போர் உண்டு. அன்று. மலாய் மொழியில் கழியில் கட்டித் தோளில் சுமப்பதைக் கண்டார் என்பர். பினாங்கில் தமிழ் முசுலிம்கள் சோற்றையும் கறியையும் இரு கூடைகளில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற உணவுக்கு நாசி கண்டார் என்று பெயர் வந்ததும் இதனால்தான். தமிழர் தம் ஊரில் காவடி என்று அறிந்திருந்த பொருளுக்கு இங்கே அயலாரின் பெயரை ஏற்றுக்கொண்டனர். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. காவடி என்ற பெயர் அதற்குள் முருகன் கோயிலுக்கு உரியதாகிவிட்டது. அகத்தியருக்காகச் சிவகிரியையும் சத்திகிரியையும் காவிவந்த இடும்பன் கதையைக் குழந்தையும் அறியும். ஆண்டு முழுவதும் பால் சுமந்த கழியை ஒரு பெயராலும், தைப்பூசத்தன்று சுமந்ததை வேறொரு பெயராலும் அழைக்க மக்கள் விரும்பியிருத்தல் கூடும். இரு கழியிலும் தொங்கியது பால் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

மற்றொரு செய்தி இதனினும் வியப்பானது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் பனை என்பதனை அளவுப் பெயராகவும், கா என்பதனை நிறைப் பெயராகவும் குறிக்கிறது. சுமக்கும் கழியின் பெயரும் நிறையின் பெயரும் ஒன்றாக இருக்கின்றன. மலாய் மொழிக்குச் சென்றால் அங்கும் இதுவே நிலை. பிக்குல் என்றால் தோளில் சுமத்தல். பிக்குல் என்றால் நூறு கட்டி எடை, அதாவது 133 இறாத்தலுக்குச் சற்று மேல், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 60 கிலோ. சீனரிடத்திலும் காவிச் செல்லும் சுமைக்கும் நூறு கட்டி நிறைக்கும் எழுத்து ஒன்றே. சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கி ஆற்றின் வழியே மலாக்காவுக்கு இறங்கிய 19ஆம் நூற்றாண்டில், வணிகக் கணக்கெல்லாம் பிக்குலில்தான் எழுதப்பட்டது. மூன்று மொழியாரும் மனிதத் தோளையே துலாக்கோலாகக் கொண்டனர். அந்தத் தோள் யாருடையது என்பதைக் கணக்கேடு எழுதவில்லை.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டில் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் காப்பி விளைந்த நிலங்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறின. ரந்தாவ், சிலியாவ், லாபு, லிங்கி, பகாவ், கெமெஞ்சே எனப் பரவிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கொணர்ந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடுக்கும்வரை அவ்வரவு தொடர்ந்தது. வந்தவர்கள் சுமை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் அறிந்த சுமை பெரும்பாலும் தலைச்சுமை.

தமிழ்நாட்டில் நெற்கட்டும் விறகும் தண்ணீர்க் குடமும் தலையில் ஏறின. துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டுவது சிறுமிக்கும் தெரிந்த கலை. தலைச்சுமைக்கு ஒரு குறை உண்டு: ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை வேண்டும். ஆளில்லாத வழியில் சுமையை இறக்கி மீண்டும் ஏற்றுவது எப்படி? அதற்காகவே சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நாட்டப்பட்டன. இரு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலை உயரத்தில் அமைத்த எளிய மேடை அது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, பிறர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். தமிழர் எழுப்பிய நினைவுச் சின்னங்களில் இதற்கு இணையானது அரிது.

தலைச்சுமை அறிவற்ற முறை என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடந்தபோது, வெறுங்கையாய் நடப்பதைவிட மிகுதியாக ஆற்றல் செலவிடவில்லை என்று அளந்து காட்டிற்று. சிறு வயது முதல் பழகிய நடையே அதற்குக் காரணம் என்று எண்ண இடமுண்டு.

பின் ஏன் தோட்டத்தில் தலைச்சுமை நிற்கவில்லை? வேலையின் தன்மையே காரணம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குச் சென்று மரம் சீவுவர். ஓர் ஆளுக்குச் சில நூறு மரங்கள். சீவி முடித்துச் சில மணி நேரம் சென்றபின், மரத்துக்கு மரம் போய் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிய வேண்டும். வாளியைக் கீழே வைத்துத் தூக்க வேண்டும். தூக்கிவிடப் பக்கத்தில் ஆளிராது. சுமப்பதோ தளும்பும் நீர்ப்பொருள். இத்தனைக்கும் தலை ஒவ்வாது. காண்டாவோ குனிந்து தோளைக் கொடுத்தால் தானே ஏறும். முழங்காலை மடித்தால் தானே இறங்கும். நிலத்தின் உயரத்திலேயே அதற்குச் சுமைதாங்கி உண்டு.

நெகிரி செம்பிலானின் நிலம் சமநிலம் அன்று. தீவக்கற்பத்தின் நடு மலைத்தொடர் தெற்கே வந்து தாழும் நாடு அது. குன்றுச் சரிவில் படிபடியாக வெட்டிய மேடைகளில் ரப்பர் மரங்கள் நின்றன. மேடை வழி குறுகியது. மழை பெய்தால் வழுக்கும். அங்கே காண்டாவை நெடுக்கு வாட்டில் திருப்பி, முன் வாளியை ஒரு கையாலும் பின் வாளியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கால் வழுக்கிப் பால் கொட்டினால் அன்றைய உழைப்பு மண்ணுக்குப் போகும்.

பாரம் எவ்வளவு? நான்கு காலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டினை எடுத்துக்கொள்வோம். அவை நிரம்பினால் 36 லிட்டருக்கு மேல். ரப்பர்ப் பால் தண்ணீரைவிடச் சிறிதே இலேசானது. ஆகவே எடை 35 கிலோ அளவில் வரும். தகரமும் கழியும் தனி. இந்தப் பாலில் உலர் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்; எஞ்சியது பெரும்பாலும் நீர். பால் கொட்டகையில் கிராணி மானியை மிதக்கவிட்டு உலர் ரப்பரின் அளவைக் காண்பார். கணக்கில் ஏறுவது அந்த ஒரு பங்கே. மற்ற இரண்டு பங்கையும் சுமந்த தோளுக்குக் கணக்கில் இடமில்லை. நீர் சேர்ந்த பாலுக்கு முழு விலை தர முடியுமா என்று நிருவாகம் கேட்பது நேர்மைதான். எனினும் நீரைப் பாலிலிருந்து பிரித்துச் சுமக்கும் வழியும் தோளுக்கு இல்லை.

கழியைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. விறைத்த கழி தோளை இடிக்கும். வளைந்து கொடுக்கும் கழி நடையோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும். 1991ஆம் ஆண்டில் ஓர் உடலியல் ஆய்வாளர் இதனைச் சோதித்தார். நெகிழும் கழி, ஓடுபவனின் ஆற்றல் செலவைக் குறைப்பதில்லை. ஆனால் தோளில் விழும் உச்ச அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. களைப்பு குறையாது, காயம் குறையும். நல்ல கழியும் இவ்வளவுதான் செய்ய வல்லது. கழிக்கும் தோளுக்கும் இடையே மடித்து வைக்கும் துண்டு வேறு. அது தலையிலிருந்து தோளுக்கு இறங்கிய சும்மாடு அல்லாமல் வேறென்ன?

சங்கப் புலவர்கள் இந்தக் காயத்தையும் கண்டவர்கள்தாம். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் வணிகர் கழுதைகள் வருகின்றன. அங்கும் இரு பக்கமும் ஒத்த பாரம். அங்கும் பலாப்பழமே உவமை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அத்துடன் நிற்கவில்லை. அக்கழுதைகளின் முதுகில் தழும்பு ஆழப் பதிந்திருப்பதையும் சொல்கிறார்.

முதுகுச் சுமைக்கு வருவோம். இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள், கூடையை முதுகில் விட்டு அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டினர். இரு கையும் கொழுந்துக்கு வேண்டும். கொழுந்தோ இலேசானது, தளும்பாதது. ஆதலின் அங்கு முதுகு பொருந்தியது. நெகிரி செம்பிலானிலும் முதுகுக் கூடை இல்லாமல் இல்லை. காட்டுப் பொருள் சேர்க்கும் பூர்வகுடியினரும் மலாய்க்காரரும் பிரம்பால் பின்னி, பட்டை வாரால் தோளில் மாட்டிய கூடைக்கு அம்போங் என்று பெயர். ஜெலுபுப் பக்கத்துத் தெமுவான் மக்கள் பல தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்கள். கொடியும் வேரும் பின்னிய காட்டு வழியில் நீண்ட கழி செல்லாது. முதுகோடு ஒட்டிய கூடைதான் செல்லும். வழியே கருவியைத் தேர்ந்துகொள்கிறது. நேப்பாளத்துச் சுமைக்காரர் நெற்றி வாரில் கூடையைத் தாங்கி மலை ஏறுவதை 2005ஆம் ஆண்டில் அளந்தவர்கள், ஆடவர் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடு சுமந்ததைக் கண்டனர். அது ஆற்றலின் அளவு. அந்த அளவுக்குச் சுமக்கவைத்த வறுமையின் அளவும் அதுவே.

தோட்டத்தில் முதுகிலும் இடுப்பிலும் ஏறியது ஒட்டுப்பால் சாக்கு. கோட்டுப் பட்டையில் உலர்ந்த பாலையும் மங்கின் அடியில் இறுகியதையும் உரித்து அதில் போடுவர். அதன் நாற்றம் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்கு விளக்க இயலாது.

போர்க்காலத்தில் சுமை வேறு உருக்கொண்டது. சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைத் திரள் திரளாகக் கொண்டுசென்றனர். 415 கிலோமீட்டர்ப் பாதையின் மண்ணும் கல்லும் கூடைகளில் சென்றன; அரிசிச் சாக்கை இரு மூங்கிலுக்கு இடையே கட்டி இருவர் சுமந்தனர். தோட்டத்தில் காண்டா பிடித்த தோள்கள் அங்கு மூங்கில் பிடித்தன. பல தோள்கள் திரும்பவில்லை. அடுத்து வந்தது 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு செல்லாமல் தடுக்க, வேலைக்குப் போவோரின் பையும் தூக்குச் சட்டியும் வாயிலில் சோதிக்கப்பட்டன. ஒருவேளைச் சோற்றைக்கூட மறைவின்றித் திறந்து காட்ட வேண்டிய நிலை அது.

பின்னர் மிதிவண்டியின் பின்தாங்கியும் விசையுந்தும் காண்டாவின் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ரப்பர் இருந்த குன்றுகளில் செம்பனை ஏறியது. செம்பனைக் குலைக்குத் தள்ளுவண்டி வந்தது. உதிரிப் பழத்துக்கு உரச்சாக்கே பை ஆயிற்று. தோளின் காய்ப்பு மறைந்ததென்று மகிழ்ந்தவர்கள், முதுகில் ஏறிய புதிய பாரத்தைக் கவனிக்கவில்லை. அதுதான் மருந்துத் தோம்பு.

களைக்கொல்லி தெளிக்கும் இந்தத் தோம்பு, தோட்டத்து வரலாற்றில் உண்மையான முதுகுப்பை. 16 லிட்டர் கொள்ளும் தோம்பு நிரம்பினால் நீர் மட்டுமே 16 கிலோ, கருவி தனி. தெளிப்பு வேலையில் பெண்கள் மிகுதி. பால் வாளி கொட்டினால் கூலிக்குத்தான் இழப்பு. தோம்பின் மூடி கசிந்தாலோ நஞ்சு முதுகுத்தண்டு வழியே இறங்கும். பை உறுதியானதா என்ற வினா இங்கே வெறும் காசுக் கணக்கு அன்று. மூடியின் வளையம் இறுக்கமாக இருத்தல், வார் அகலமாக இருத்தல், முதுகுக்கும் தொட்டிக்கும் இடையே மெத்தை இருத்தல், வார் தைத்த இடம் பிய்யாதிருத்தல் ஆகிய நான்கும் உடலைக் காப்பவை. வாங்கிக் கொடுப்பவர் விலையைப் பார்ப்பார்; மாட்டிக்கொள்பவருக்கே வாரின் அகலம் தெரியும். இருவரும் ஒருவராக இல்லாததுதான் தோட்டத்துச் சுமைக் கருவிகள் அனைத்தின் வரலாறும்.

தெளிப்பு வேலை செய்த தோட்டப் பெண்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய–பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டில் பாராக்குவாட்டுக் களைக்கொல்லியைப் படிப்படியாக நீக்க மலேசிய அரசு முடிவு செய்தது. 2006ஆம் ஆண்டில் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் தோம்பு முதுகில்தான் இருந்தது. எடையைப் பொறுத்தவரை, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் சுமக்கத்தக்க பேரளவு 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் அதனினும் கணிசமாகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. பழைய பிக்குலைவிட ஐந்து கிலோ குறைவு. இதனைப் பெறுவதற்கு உலகம் 20ஆம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நீலாய், லாபு, சிரம்பான் பக்கங்களில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், லயத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் சுமப்பது புத்தகப் பை. முற்காலத் தோட்டப் பள்ளிக்குக் கற்பலகையும் ஒரு துணிப்பையும் போதும். இன்றைய பை அவ்வாறன்று. இதனை ஒரு நாட்டின் பேரவையில் எடுத்துப் பேசினார் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண், 1986 முதல் 1992 வரை இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். அங்கு அவர் பேசியது இலக்கியத்தைப் பற்றியன்று. பையின் பாரத்தால் கூன் விழும் குழந்தைகளைப் பற்றியே பேசினார். அதன் விளைவாக அமைந்த யஷ்பால் குழு 1993ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. சுமை பையில் மட்டுமில்லை, விளங்காமல் மனனம் செய்யும் பாடத்திலும் இருக்கிறது என்று அக்குழு கண்டது. ஆசிரியர்கள் இதனைப் படித்திருப்பின் பையைத் தூக்கிப் பார்ப்பதோடு பாடக்குறிப்பையும் ஒருமுறை தூக்கிப் பார்த்திருப்பர்.

2018ஆம் ஆண்டில் இந்திய அரசு, முதல் இரு வகுப்பு மாணவர் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு கட்டிற்று. அம்முறையில் 20 கிலோ எடையுள்ள முதலாம் வகுப்புப் பிள்ளை 2 கிலோ சுமக்கலாம். பை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் வகைகள் கடைகளில் தொங்குகின்றன. உருளை பொருத்தியவை அதனினும் கனம். எஞ்சுவது ஒரு கிலோ. அதில் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி அரைக் கிலோவை எடுத்துக்கொள்ளும். மீதி அரைக் கிலோவுக்குள்தான் தமிழ்ப் பாட நூலும் கணித நூலும் பயிற்சி ஏடுகளும் சோற்றுப் பெட்டியும் அடங்க வேண்டும்.